கதவைக் கழற்றிய நர்சம்மா

செய்தி வந்தபோது நான் கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வரும் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். எங்கள் களப்பணியாளர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. சகுந்தலாவின் பழைய அடையாள அட்டைப் படம். அதன் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: 'அன்பின் திருவுருவம், பொறுமையின் சிகரம், எங்கள் நர்சம்மா மறைந்தார்.' அதற்கும் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நான் இறங்குவதற்குள் அந்தக் கைகள் திரையை மூன்று முறை நிரப்பிவிட்டன.

மாரடைப்பு. காலையில் மலைக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பியவர், வாசற்படியில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. ஐம்பத்தொரு வயது.

அவரை அறிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அவர் அன்பின் திருவுருவம் அல்ல. பொறுமை அவரிடம் மருந்துக்கும் கிடையாது. அவர் திட்டாத ஆள் உங்களில் ஒருவர்கூட இல்லை. அந்த வாட்ஸ்அப் குழுவில் அவர் இருந்ததும் இல்லை. அதாவது, இருந்தார், நீக்கினோம். 'பொதுமக்களிடமும் வெளியூர் விருந்தினர்களிடமும் நாகரிகமின்றி நடந்துகொள்கிறார், ஆலோசனைப் பணிகளிலிருந்து இவரை விலக்கி வைக்க வேண்டும்' என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். போட்டவர்களில் பாதிப் பேர் இன்று கும்பிடும் கையை அனுப்பியிருக்கிறீர்கள். நானும் கையெழுத்துப் போட்டவன்தான். அதனால் கை அனுப்பவில்லை.

படத்திறப்பில் இரண்டு நிமிடம் பேசச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். அங்கே பேச முடியாததை இங்கே எழுதுகிறேன்.

கருணாபுரத்தில் கள்ளச்சாராயத்தால் வீட்டுக்கு வீடு சாவு விழுந்த நாட்களில்தான் அவரை முதலில் பார்த்தேன். நான் அப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் மனநல ஆலோசகர். அந்தப் பகுதியின் சுகாதார நர்ஸ் அவர். தெருவில் யாரோ என்னைக் காட்டி "கவுன்சிலர் வந்துக்கிறாரு" என்று சொல்ல, வார்டு கவுன்சிலர் என்று நினைத்து நாலைந்து பெண்கள் குடத்தோடு வந்து சூழ்ந்துகொண்டார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றார்கள். நான் அந்தக் கவுன்சிலர் இல்லை, மனசுக்கான கவுன்சிலர் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அந்தக் கவுன்சிலராச்சும் தண்ணி வுடுவாரு. நீங்க இன்னா வுடுவீங்க சார்?"

திரும்பிப் பார்த்தேன். வெள்ளைச் சேலை, தோளில் பை, முகத்தில் சிரிப்பு இல்லை. என் கையிலிருந்த படிவத்தைக் கேட்காமலே வாங்கினார். முதல் கேள்வியை அந்தப் பெண்கள் முன்னாலேயே சத்தமாக வாசித்தார். "'சமீப காலத்தில் அன்றாட விஷயங்களில் உங்கள் ஆர்வம் குறைந்திருக்கிறதா?'" பிறகு என்னைப் பார்த்தார். "புருஷன் செத்து பதினோரு நாள் ஆவுது சார். இன்னும் காரியம் முடியல. ஆர்வம் கொறஞ்சிருக்கான்னு கேட்டா, எந்தப் பக்கம் டிக் போடுவா?"

படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. அவமானம் கோபமாக மாற அரை மணி நேரம் ஆனது. அந்தக் கோபத்தை நான் நெடுநாள் பத்திரமாக வைத்திருந்தேன்.

கேமராக்காரர் சம்பவம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த விதம்தான் தப்பு. 'செய்தியாளரை அடிக்கப் போனார்' என்று சொல்லித் திரிந்தோம். நான் அப்போது அங்கேயே நின்றிருந்தேன். கணவனை இழந்த ஒரு பெண் வாசலில் கல்லாக உட்கார்ந்திருந்தாள். கேமராவோடு வந்தவர் மூன்றாவது தடவையாக, "உங்க வீட்டுக்காரர் கடைசியா என்ன சொன்னாரும்மா?" என்று கேட்டார். அவள் வாய் திறக்கவில்லை. "கொஞ்சம் அழுதுட்டே சொன்னாலும் பரவாயில்லம்மா" என்றார் அவர். சகுந்தலா நடுவில் போய் நின்றார்.

"அழுவணுமா? நீ ஒக்காந்து அழு. கேமராவ எங்கிட்ட குடு, நான் புடிக்கிறேன்."

இவ்வளவுதான் நடந்தது. அடிக்கப் போகவில்லை. அடித்திருந்தால் தப்பில்லை என்று இன்று நினைக்கிறேன். அன்று அப்படி நினைக்கவில்லை. ஊடகத்தைப் பகைத்துக்கொண்டால் உதவி வராது என்று நம்பினேன். அந்தக் கடிதத்தை நாம் எழுதியது அதற்குப் பிறகுதான்.

இனி அஞ்சலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சித்தாள் வேலைக்குப் போகிறவள். அவள் கணவன் மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவன். அந்தச் சாராயத்தால் அவன் இறந்து மூன்று மாதம் ஆகியும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, யாரிடமும் பேசவில்லை. ஆறு வயது மகளைக்கூடத் தூக்கவில்லை. நான் நாலைந்து முறை போய் உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும், "நடந்தத வெளியே சொன்னா பாரம் குறையும்மா" என்றேன். அவள் தலையாட்டுவாள். சொல்ல மாட்டாள்.

அந்தச் சமயத்தில் எங்கள் நிறுவனம் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் ஏற்பாடு செய்தது. சென்னையிலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். பாதிக்கப்பட்ட பெண்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்ல வேண்டும் என்பது திட்டம். அஞ்சலையின் பெயரை நான்தான் கொடுத்தேன். யாருமே அழைக்காத சகுந்தலா மண்டப வாசலில் என்னைத் தடுத்தார்.

"அவள மேல ஏத்தாதீங்க சார்."

"அவங்களே சரின்னு சொன்னாங்க."

"யாரு கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவா. அவளுக்கு இல்லன்னு சொல்றதுக்குத் தெம்பு இருக்கான்னு பாத்தீங்களா?"

"எத்தனை நாள் உள்ளயே வெச்சிருக்கிறது? பேசினாதான் ஆறும்."

"யாருகிட்ட பேசுனா ஆறும்னு அவளுக்குத் தெரியும். நீங்க இன்னாத்துக்கு நேரம் குறிக்கிறீங்க?"

நான் அவரைத் தாண்டி உள்ளே போனேன். மைக்கை அஞ்சலையின் கையில் நானே கொடுத்தேன்.

அவள் மெதுவாகத்தான் தொடங்கினாள். முதல் நாள் குடித்துவிட்டு வந்தவன் காலையில் எழுந்து, கண் தெரியவில்லை என்றானாம். நடிக்காதே என்று இவள் திட்டினாளாம். மறுபடியும் குடிக்கப் போய்விடக் கூடாது என்று வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வேலைக்குப் போனாளாம். "கதவத் தட்டுனாரு. தெருமொன வரைக்கும் கேட்டுது. நான் திரும்பிப் பாக்காம போயிட்டேன்." மேடையில் இருந்த ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வரிசையில் அவளுடைய மாமியார் குப்பம்மாள் உட்கார்ந்திருந்ததை நான் யோசிக்கவே இல்லை. அவர் எழுந்து வந்தார். "எம்புள்ளய பூட்டி வெச்சி கொன்னியாடி?" என்று கேட்டுக்கொண்டே வந்து மருமகளின் தலைமுடியைப் பிடித்தார். அன்று சாயங்காலமே அஞ்சலையின் துணி தெருவுக்கு வந்தது. மகளைக் குப்பம்மாள் தன்னோடு வைத்துக்கொண்டார்.

எங்கள் நிறுவனத்தின் அறிக்கையில் அந்தக் கூட்டம் 'மிகுந்த உணர்ச்சிப்பூர்வமான பகிர்வு' என்று பதிவாகியிருக்கிறது. எழுதியவன் நான்.

சகுந்தலா அஞ்சலையைக் கச்சிராயபாளையத்திலிருந்த தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். தனியாக இருந்தவர். இரண்டு அறை வீடு. கதவு சாத்தினால் அஞ்சலை சுவரோடு ஒட்டிக்கொண்டு காதைப் பொத்திக்கொள்வாள். இது தெரிந்ததும், மறுநாளே தச்சரை வரவழைத்து உள்ளறைக் கதவைக் கழற்றிப் பின்புறம் சாத்தி வைத்தார். ஒரு வாரம் கழித்து வாசற்கதவையும் கழற்றினார். தெருவில் ஆளாளுக்குப் பேசினார்கள். இரண்டு பெண்கள் இருக்கிற வீட்டில் கதவில்லாமலா என்று நானே போய்க் கேட்டேன்.

"எங்கூட்டுல இன்னா இருக்குது திருடறதுக்கு? அவ தூங்குறா. அது போதும்."

அஞ்சலையிடம் அவர் எதையும் கேட்கவில்லை என்று பிறகு அறிந்தேன். காலையில் மாவு கரைக்கச் சொல்வார், கீரை ஆயச் சொல்வார், இரண்டு பேரும் சேர்ந்து கோமுகி அணை ரோட்டில் நடந்துவிட்டு வருவார்கள். ஆறுதல் சொல்ல வந்த உறவுக்காரர் ஒருவர், "நடந்தது நடந்துபோச்சி, மறந்துடும்மா" என்றபோது, சகுந்தலா அவர் குடித்துக்கொண்டிருந்த டீயைப் பாதியிலேயே வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பினாராம். "மறக்கறதுக்கு அது இன்னா மார்க்கெட் லிஸ்டா?" என்றாராம்.

அவர் எல்லாவற்றிலும் சரியாக இருந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். கதவைக் கழற்றியதில் வந்த தூக்கம் ஒரு மாதத்தில் மறுபடியும் போய்விட்டது. கெட்ட கனவு, படபடப்பு, உட்கார்ந்த இடத்திலேயே திடுக்கிடல். மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்றேன். முடியாது என்றார். "மாத்திரையக் குடுத்து அவள மந்தமாக்கி ஒரு மூலைல ஒக்கார வெக்கணும், அதானே?" அந்த வாசற்படியில் நின்று இரண்டு பேரும் தெருவே கேட்கச் சண்டை போட்டோம். "நீங்க நர்ஸ். காய்ச்சலுக்கு மாத்திரை தரலாம், இதுக்குத் தரக் கூடாதா? இது உங்க பிடிவாதம். அவஸ்தைப்படறது அந்தப் பொண்ணு" என்று கத்தினேன். நீங்க கெளம்புங்க என்றார். பத்து நாள் கழித்து அவரே அஞ்சலையை மருத்துவரிடம் அழைத்துப் போனதாக மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிறகு ஒரு நாள் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் என்னைக் கடந்து போகும்போது, முகத்தைப் பார்க்காமலே, "மாத்திர வேல செய்யுது" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனார். நான் சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டது அந்த ஒரு முறைதான்.

கொஞ்ச நாளில் கல்வராயன் மலைக்கு மாற்றலாகி, கச்சிராயபாளையம் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வந்தார். அதற்குள் நான் நிறுவனத்திலிருந்து விலகி, தனியாக ஆலோசனைப் பணி செய்துவந்தேன். மண்டபத்தில் நடந்தது என்னை விடவில்லை. ஒரு காலையில் வெள்ளிமலை பஸ் ஏறி, அவர் வேலை செய்த துணை சுகாதார நிலையத்துக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கி என் கையில் கொடுத்தார். "வந்ததுக்கு இதத் தூக்கிக்கினு வாங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். மூன்று கிலோமீட்டர், பாதி தூரம் ஏற்றம்.

கடைசி வீட்டுக்குப் போகும் வழியில், வீடு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அவர் குரல் கொடுக்கத் தொடங்கினார். "வெள்ளச்சி! சகுந்தலா வரேன்! கூட ஒரு சார் வராரு! மேல வேலிப் பக்கமா வரோம்!" இருபதடிக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டே போனார். எதற்கு இப்படி என்று கேட்டேன். கடுக்காய் பொறுக்கப் போன இடத்தில் வெள்ளச்சியைக் கரடி பின்னாலிருந்து அடித்துவிட்டதாம். தோளில் தையல் ஆறிவிட்டது. ஆனால் சொல்லாமல் யாராவது பின்னால் வந்து நின்றால் அப்படியே விழுந்துவிடுகிறாளாம்.

"மனுசன்தான் வரான், கரடி இல்லன்னு அவளுக்கு முன்னாடியே தெரியணும்" என்றார். "வூட்டுக்காரரும் இப்ப கத்திக்கினுதான் வராரு. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

திரும்பும்போது, ஒரு பாறையருகே நின்று, மண்டபத்தில் நடந்ததற்காக என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்டேன். கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன். கடிதத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மன்னிச்சிட்டேன்னு சொன்னா, எறங்கிப் போய் நிம்மதியா சாப்புடுவீங்க" என்றார். "அஞ்சலையும் அவ பொண்ணும் இன்னும் வேற வேற வூட்டுலதான் சாப்புடறாங்க. நீங்க மட்டும் இன்னாத்துக்கு நிம்மதியா சாப்புடணும்?"

பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது, போங்க என்றார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

சாவு வீட்டுக்குப் போனேன். உங்களில் பலரும் வந்திருந்தீர்கள். ஷாமியானாவின் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, சகுந்தலா ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சின்ன வயதில் அவருக்கு என்னவோ நடந்திருக்கிறது, அதனால்தான் அந்தக் கோபம் என்று பேசிக்கொண்டிருந்தீர்கள். ஒருவர் என்னிடம், "உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே சார்?" என்று கேட்டார். தெரியாது. அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. இறந்தவரின் உடலை வைத்துக்கொண்டு அவர் சொல்லாததைத் தோண்டுகிற உங்களைப் பார்த்து எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அவருடைய கோபத்துக்குக் காரணம் தேட அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நாம் எல்லோரும் பக்கத்திலேயே இருந்தோம்.

அஞ்சலை பின்கட்டில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் மகள். இருவரையும் ஒன்றாகப் பார்த்து நான் நின்றுவிட்டேன். குப்பம்மாள் வந்து என் எதிரே நின்றார்.

"நீதான மைக்கு குடுத்தவன்?"

"ஆமாம்மா."

"ம்." நான் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவராகவே சொன்னார்.

அஞ்சலையைத் துரத்திய பிறகு, வாரம் தவறாமல் வியாழக்கிழமை சாயங்காலம் சகுந்தலா வந்து அவர் வாசலில் உட்காருவாராம். "போடின்னுவேன். அசிங்க அசிங்கமா திட்டுவேன். ஒரு நாளு கழனித்தண்ணிய மேலயே ஊத்துனேன். பொடவயப் புழிஞ்சிக்கினு ஒக்காந்திருந்தா. மருமவளப் பத்தி ஒரு வார்த்த பேசல. பேத்திக்குத் தலைய வாரி வுடுவா, எழுந்து பூடுவா."

எத்தனையோ வியாழக்கிழமைகளுக்குப் பிறகு ஒரு நாள் குப்பம்மாளுக்குத் தாங்க முடியவில்லையாம். "நானும் அன்னிக்கிக் காலைல வந்தேன்பா. தாப்பாளத் தொறந்து பாத்தேன். கண்ணு தெரியலம்மான்னான். போதை எறங்கட்டும்னு ஒரு சொம்பு மோரக் குடுத்துட்டு, தாப்பாளப் போட்டுட்டு நடவுக்குப் போயிட்டேன். நானும் பூட்டிட்டுதான் போனேன். அவள மட்டும் தலமயிரப் புடிச்சி இழுத்தேன்."

இதைக் கேட்டு சகுந்தலா என்ன சொன்னார் என்று கேட்க நாக்கு வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். குப்பம்மாளே சொன்னார். "'இன்னும் சொல்லணுமா, இன்னிக்கி இது போதுமா'ன்னு கேட்டா. போதும்னேன். சரின்னு பக்கத்துல ஒக்காந்துக்கினா. அவ்ளோதான். அடுத்த வாரம் நானே இங்க வந்து இவகிட்ட சொன்னேன். ரெண்டு பேரும் ஓன்னு அழுதோம். நர்சம்மா வெளிய போயி நின்னுக்கினா."

இவ்வளவையும் சொல்லிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத எதுக்கு உங்கிட்ட சொல்றேன்னு எனக்கே தெரியல. உம்மேல எனக்கு இன்னும் கோவம் இருக்குது." பேத்தியைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அஞ்சலை, குப்பம்மாள், வெள்ளச்சி என்று நான் எழுதியிருப்பவை அவர்களுடைய பெயர்கள் அல்ல. எழுதி முடித்ததும் மலைக்கும் போனேன், கருணாபுரத்துக்கும் போனேன். அவரவரைப் பற்றியதை அவரவருக்கு வாசித்துக் காட்டினேன். வெள்ளச்சி சரி என்றாள். அஞ்சலையும் குப்பம்மாளும் இரண்டு பத்திகளை எடுக்கச் சொன்னார்கள். ஏன் என்று கேட்காமல் எடுத்துவிட்டேன். மற்றது இருக்கலாம் என்றார்கள். "நர்சம்மா திட்டுனத மட்டும் கொறைக்காதீங்க சார்" என்றாள் அஞ்சலை. குறைக்கவில்லை.

சகுந்தலா என்னை மன்னிக்காமலே போய்விட்டார். இன்னும் கொஞ்ச காலம் இருந்திருந்தால் மனம் மாறியிருப்பார் என்று எனக்கு ஆறுதல் சொல்ல வராதீர்கள், மாறியிருக்க மாட்டார். அவர் தராமல் போன அந்த மன்னிப்புதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அது கிடைக்காததால், உடைந்துபோன ஒருவர் முன்னால் உட்காரும் ஒவ்வொரு முறையும் எனக்கு உள்ளூரப் பயமாக இருக்கிறது. வாயைத் திறப்பதற்கு முன் அந்தப் பயம் என்னை ஒரு கணம் நிறுத்துகிறது. அது என்னை விட்டுப் போக வேண்டாம்.